விரல்களின் பதிவேடு

ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம். அதில் இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9, எலும்பு தப்பி நுனிச்சதை மட்டும் போனால் 5. நடுவிரலுக்கு 12. மோதிர விரல், சுண்டு விரல் எதுவானாலும் 7. கட்டைவிரலுக்கு 30. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணையாக இருந்த கணக்கு இது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பிரஸ் ஷாப்புகளில் விரலைப் பறிகொடுத்தவர்கள் பலருக்கு இந்த எண்கள் மனப்பாடம். பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சொல்வதுபோல் தடுமாறாமல் சொல்வார்கள்.

என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. ஒரகடம் கூட்டுரோட்டுக்கு அருகே, கார் இருக்கைக்கு அடியில் போகும் தகட்டுத் துண்டுகளை அடித்துக் கொடுக்கும் ஒரு சிறு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினேன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்க வேண்டும். அப்படி ஓட்டினால் எண்ணிக்கை குறைகிறது என்று கால் பெடலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இரவு ஷிப்டில், பெடலை மிதிக்காமலே மெஷின் இரண்டாம் முறை இறங்கியது. 14-ஐயும் 12-ஐயும் கூட்டினால் 26. ஆனால் 'ஒரு கையின் 2 விரல்கள்' என்று அட்டவணையில் தனி வரி இருக்கிறது, அதற்கு 20. மெடிக்கல் போர்டு அந்த வரியைத்தான் எடுத்துக்கொண்டது. போனது எழுதுகிற கையா, மற்ற கையா என்று அந்த வரி கேட்பதில்லை.

நாள் கூலி 500 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 450. அதில் 20 சதவீதம் 90 ரூபாய். நிரந்தர ஊனத்துக்கான பணம் இப்படித்தான் கணக்காகிறது. ஆயுள் முழுக்க வருகிற பணம், பல வீடுகளில் அடுப்பெரியக் காரணமான பணம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வருவதற்கு முன்பு, மெஷினில் கை போனவனுக்கு முதலாளி மனமிரங்கினால்தான் உண்டு. உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் இத்தனை சதவீதம் என்று எழுதி வைத்த முறை அந்தச் சட்டத்தோடுதான் இங்கே வந்தது. விகிதங்கள் பிறகு மாறின, முறை மாறவில்லை. ஆனால் என் கையைப் பற்றி அரசாங்கத்திடம் இருக்கும் முழுப் பதிவும் அந்த 20 என்ற எண்தான். மழைக்காலத்தில் முண்டில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலிப்பதும், கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே எதைப் பிடிக்க முடியும், எதை முடியாது என்பதும் எந்தத் தாளிலும் இல்லை. அந்தப் பதிவை எழுதியவர்களுக்குத் தீர்மானிக்க வேண்டியிருந்தது பணம். ஆகவே அவர்கள் கேட்ட கேள்வி பணத்தைப் பற்றியது.

உடல்நலப் பதிவேட்டை யார் எழுதுகிறார்கள், யாருக்காக எழுதுகிறார்கள் என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்குப் புதிது இல்லை. கார் கம்பெனிகள் வருவதற்கு வெகு முன்பே இங்கே அது எழுந்துவிட்டது.

ஒரகடத்திலிருந்து சிங்கபெருமாள் கோயில் சாலையைப் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போனால் திருமணி. அங்கே 1920-களில் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய்க் குடியிருப்பு ஒன்று தொடங்கியது. 1955-இல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. தொழுநோயாளியின் பதிவேட்டில் மனித உடலின் கோட்டுப்படம் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இருக்கும். எங்கே தேமல், எங்கே உணர்ச்சி இல்லை, எந்த விரல் மடங்கிவிட்டது என்று அதில் குறிப்பார்கள். சிகிச்சைக்கு வேண்டிய பதிவுதான். ஆனால் 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளிகள் சட்டம் நடப்பில் இருந்த நாடு இது. பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைப் பிடித்து அடைத்து வைக்கவும், சில தொழில்களைச் செய்யவிடாமல் தடுக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. நாடாளுமன்றம் அதை நீக்கியது 2016-இல்தான். பதிவேட்டில் பெயர் ஏறுவது என்றால் என்ன என்பதை இந்த மாவட்டத்து ஏழைகள் அப்போதே தெரிந்துகொண்டார்கள். உடம்பைக் காட்டாமல் ஒளித்ததை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

அந்தத் திருமணிக்கு 1947-இல் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து ஓர் இளம் எலும்பு அறுவை மருத்துவர் வந்தார். அவர் பால் பிராண்ட். தொழுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்த பிராண்ட், அந்தப் பிடியில் இருந்த வலுவைக் கண்டு அசந்துபோனார். செயலற்றது என்று எல்லோரும் கைவிட்ட கையில் நல்ல தசைகள் மிச்சம் இருந்தன. அந்தத் தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டி, மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவையை அவர் வேலூரில் தொடங்கினார். இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது.

நிமிர்த்திய விரல்களில் மறுபடி புண் வந்தது. தொழுநோய் வந்தால் சதை அழுகும், விரல் உதிரும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. கை சரியானவர்கள் தங்கித் தச்சு வேலை பழக வேலூரில் நவஜீவ நிலையம் என்று ஓர் இடம் இருந்தது. அங்கிருந்த இளைஞர்களும் பிராண்டும் சேர்ந்து ஒரு கணக்கெடுப்பில் இறங்கினார்கள். தினமும் ஒவ்வொருவர் கையையும் பார்ப்பது, புதிதாக ஒரு காயம் தெரிந்தால் அது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. சூடான பாத்திரம், சொரசொரப்பான சுத்தியல் பிடி, துருப்பிடித்த பூட்டில் பலம் கொடுத்துத் திருப்பிய சாவி என்று ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. இரவில் விரலின் ஒரு துண்டே காணாமல் போனதற்கு மட்டும் காரணம் தெரியவில்லை. விழித்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவனின் உணர்ச்சியற்ற விரலை எலி கடிப்பது தெரிந்தது. அதன்பிறகு வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். கருவிகளின் பிடிகளை மாற்றினார்கள். விரலைத் தின்றது நோய் இல்லை, வலி தெரியாமல் போனதுதான் என்ற உண்மை உலகத்துக்குக் கிடைத்தது.

அந்தப் பதிவேட்டில் பாதி வேலை நோயாளிகளுடையது. நேற்று எந்தப் பிடியை எவ்வளவு நேரம் பிடித்தான் என்பது மருத்துவருக்கு எப்படித் தெரியும்? புண்ணுக்கு உரியவனும் கேள்வி கேட்பவனாக உட்கார்ந்ததால்தான் அந்த விடை கிடைத்தது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் வட ஆற்காட்டில் இது நடந்திருக்கிறது என்பதை ஊனமுற்றோர் நலன் பற்றிய கூட்டங்களில் யாராவது சொல்ல மாட்டார்களா என்று எனக்கு ஏக்கம் உண்டு.

திருமணி இருக்கும் அதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. உலகத்தில் நடந்த மிகப்பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் அது ஒன்று. நூற்றுக்கணக்கான கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதி, எக்ஸ்ரே எடுத்து, சளி வாங்கி, ஊசி போட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுப்பதில்லை என்ற முடிவு உலகத்தையே யோசிக்க வைத்தது. நல்ல அறிவியல் அது. என் அப்பா வயதுக்காரர்களின் மார்புப்படங்கள் இப்படி எங்கெங்கோ கோப்புகளில் ஏறின. அவர்களிடம் கேட்டால் வேன் வந்ததும், சட்டையைக் கழற்றச் சொன்னதும்தான் நினைவில் இருக்கிறது.

இ.எஸ்.ஐ.யின் கதை வேறு வழியில் வந்தது. பேராசிரியர் அதார்கர் 1944-இல் கொடுத்த அறிக்கை, 1948-இல் சட்டம், 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடக்கம். தமிழ்நாட்டுக்கு 1955-இல், பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கோயம்புத்தூரில் வந்தது. தொழிலாளியின் கையில் ஓர் அடையாள அட்டை, மருந்தகத்து அலமாரியில் அவருடைய சீட்டுகள் என்பதுதான் ஏற்பாடு. மில் தொழிலாளி ஒரே ஊரில், ஒரே மில்லில் முப்பது வருஷம் இருந்தார். மருந்தகத்துக்காரருக்கு அவர் முகம் தெரியும், அவர் சீட்டு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதும் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டி, 1998-இல் முதல் கார் வெளியே வந்த பிறகு இங்கே உருவான தொழிலாளி அப்படிப்பட்டவர் இல்லை. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இல் வந்தது. டைம்லர் வந்தது, ராயல் என்ஃபீல்டு வந்தது. ஒவ்வொரு பெரிய கம்பெனிக்கும் பின்னால் தகடு அடிக்க, பிளாஸ்டிக் வார்க்க, முலாம் பூச நூறு சிறு கம்பெனிகள் வந்தன. ஒப்பந்ததாரர் மாறினால் கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் அறை மாறும். திருவண்ணாமலையிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பிள்ளையின் சீட்டுகள் எந்த அலமாரியிலும் தங்குவதில்லை. ஜவுளிக்கடைப் பையில் மடித்து வைத்த ரிப்போர்ட்டுகள்தான் அவனுடைய மருத்துவ வரலாறு.

போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ரசாயனமோ நச்சுப்பொருளோ படும் இடத்தில் வேலை செய்கிறவர்களின் உடல்நலப் பதிவேட்டை நிர்வாகம் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், அந்தப் பதிவேடு தொழிலாளிக்குக் கிடைக்கும்படி இருக்க வேண்டும் என்று அது சொன்னது. எனக்குத் தெரிந்த சட்டங்களில் இவ்வளவு நேராகப் பேசிய வரி குறைவு. 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் முப்பத்தெட்டு வருஷம் அந்த வரி சட்டத்தில் இருந்தும், முலாம் பூசும் பிரிவில் வேலை பார்த்த எத்தனை பேர் தங்கள் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்திருப்பார்கள்? நான் வேலை பார்த்த இடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வேன் வந்து காது பரிசோதனை செய்தார்கள். இரைச்சலால் வரும் காதுக்கேளாமை அந்தப் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாக இருந்தது. வரைபடத்தோடு ஒரு தாள் அச்சாகி வரும், அது நேரே ஹெச்.ஆர். அறைக்குப் போகும். தாளைக் கேட்டபோது, "உனக்கு எதுக்குப்பா அது, இங்கிலீஷ்ல இருக்கு" என்றார் அங்கே இருந்தவர்.

இப்போது எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2021 செப்டம்பர் 27-இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடு முழுதும் தொடங்கியது. 14 இலக்கத்தில் ஓர் ஆபா எண், அதற்குள் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம். யாருக்குக் காட்டுவது என்ற சம்மதமும் நம் கையில். எண்ணம் மிக நல்லது. ஜவுளிக்கடைப் பையோடு அலைகிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது முதலில் உதவ வேண்டும்.

ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள். ரிப்போர்ட் பெரும்பாலும் படமாக எடுத்த பி.டி.எஃப். எழுத்தைப் பெரிதாக்க இரண்டு விரலை வைத்து விரிக்க வேண்டும். என் வலது கையில் அதற்கான இரண்டு விரல்தான் இல்லை. போனைப் பலகை மேல் வைத்துவிட்டு இடது கையால் விரிக்கலாம். ஆஸ்பத்திரி வரிசையில் பலகைக்கு எங்கே போவது? இணையத் தளங்களுக்கான உலகத் தரவிதி 2018-லேயே இதைச் சொல்லிவிட்டது: இரண்டு விரல் வேண்டிய எந்தச் செயலுக்கும் ஒரே விரலால் செய்யும் மாற்று வழி இருக்க வேண்டும். ஒரு '+' குறி வைத்தால் போதும். 2023-இல் வந்த அடுத்த பதிப்பு, தொடும் பட்டன் குறைந்தது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அளவு கொடுத்தது. உள்ளே நுழைவதற்குப் புதிர் போடக்கூடாது என்றது. நம் நாட்டிலும் ஐ.எஸ். 17802 என்று தரநிர்ணயம் இருக்கிறது. விதி எழுதியவர்கள் எங்களை நினைத்திருக்கிறார்கள். பட்டனை வரைந்தவர் அருகில் எங்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை.

2021 மே மாதம் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குக் கோவின் தளத்தில் பதிவு செய்தால்தான் ஊசி என்று இருந்தபோது, பார்வையற்றவர்கள் அந்தத் தளத்தில் பட்ட பாட்டை உச்ச நீதிமன்றமே தன் உத்தரவில் எடுத்துச் சொன்னது. நான்கு வருஷம் கழித்து, 2025 ஏப்ரல் 30-இல், பிரக்யா பிரசூன் வழக்கில் இன்னும் தெளிவாகப் பேசியது. அமிலவீச்சில் கண்ணும் முகமும் பாதிக்கப்பட்டவர் அவர். வங்கிக் கணக்கு தொடங்க, உயிரோடு இருப்பதை நிரூபிக்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் சிமிட்ட முடியாது. டிஜிட்டல் சேவை எட்டுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பு வந்தது. அந்தச் செய்தியை எங்களைப் போன்றவர்கள் கூடும் சங்க அறையில் சத்தமாகப் படித்தபோது, கட்டைவிரல் இல்லாத ஒருவர் எழுந்து நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ரேகை வைக்கும் இடங்களில் எல்லாம் அவரிடம் கேட்கும் விரல் அந்தக் கட்டைவிரல்தான்.

விதியோ தீர்ப்போ பின்னால் வந்து சரிசெய்யும் வேலை. முன்னாலேயே சேர்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னை வித்யாசாகர் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய பள்ளி. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் படிக்கும் இடம். பேச முடியாத அந்தப் பிள்ளைகளுக்குப் பேசும் கருவி செய்ய முனைந்தார் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன். பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தார். தலையை அசைப்பதோ கையை லேசாக நகர்த்துவதோ போதும் என்றபடி 'ஆவாஸ்' உருவானது. 'எனக்கு வயிறு வலிக்கிறது' என்று ஒரு பிள்ளை தானே டாக்டரிடம் சொல்லும் நிலை வந்தால், அந்தப் பிள்ளையின் மருத்துவச் சீட்டில் முதல் முறையாக அதன் சொந்த வாக்கியம் ஏறுகிறது.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தன்னைக் கவனித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருக்கும் கணக்குத் தணிக்கையாளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். அந்தச் சங்கம் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்காக 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்று ஒரு செயலியை உருவாக்கியிருக்கிறது. கிராமத்துப் பெண்ணான மறுவாழ்வுப் பணியாளர் குழந்தையின் வீட்டுக்குப் போகிறார். இந்த மாதம் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று குடும்பத்தோடு பேசி இலக்கு வைக்கிறார். கழுத்து நின்றதா, பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததா என்று அதில் ஏற்றுகிறார். தூரத்தில் இருக்கும் சிகிச்சையாளர் அதைப் பார்த்துத் திருத்தம் சொல்கிறார். எத்தனை சதவீத ஊனம் என்பதோடு நிற்காமல், அடுத்த மாதம் என்ன என்று கேட்கும் பதிவேடு அது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் நடத்தும் இடத்தில் இந்தக் கேள்வி பிறந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

உலக வங்கி நிதியோடு தமிழக அரசின் உரிமைகள் திட்டம் 2022-இல் ஒப்புதல் பெற்றது. வீடு வீடாகக் கணக்கெடுப்பும், விழுதுகள் என்ற பெயரில் சேவை மையங்களும் அதன் பகுதி. எனக்குத் தெரிந்து, இவ்வளவு பெரிய பதிவேடு எங்களைப் பற்றி இதற்கு முன் எழுதப்பட்டதில்லை. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2007-இல் சேர்ந்தது. எங்களைப் பற்றிய முடிவுகளில் எங்களைக் கலந்து பேசுவது அதன் நான்காம் பிரிவில் கடமையாக இருக்கிறது. எங்கள் உடல்நலத் தகவலின் அந்தரங்கத்தைக் காப்பது 22-ஆம் பிரிவில். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும் என்பதை நான் எங்கள் அறையில்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடுகிறோம். இழப்பீட்டு மனு எழுதத்தான் முதலில் கூடினோம். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் நீட்டுவதற்கு ஒரே தாளில் அவரவர் விவரம் இருந்தால் நல்லது என்று ஒரு பேச்சு வந்தது. நான் ஒரு மாதிரி வரைந்துகொண்டு போனேன். பெயர், வயது, ரத்தப்பிரிவு, நோய், மருந்து, அவசரத்துக்குத் தொலைபேசி எண் என்று வழக்கமான கட்டங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்யும், பிறவியிலேயே காது கேளாத தங்கை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டம் போட்டாள். 'பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. டோக்கன் எண்ணை எழுதிக் காட்டுங்கள். முகக்கவசத்தை இறக்கிப் பேசுங்கள்.' கூப்பிட்டது தெரியாமல் உட்கார்ந்திருந்து, வரிசை போய், அரை நாள் சம்பளம் போன அனுபவம் அவளுக்கு நிறைய. இங்கிலாந்தில் 2016 முதல், நோயாளியோடு எந்த வழியில் பேச வேண்டும் என்பதைப் பதிவேட்டிலேயே குறித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு அந்த விதி தெரியாது. அதே இடத்துக்குத் தானாக வந்து சேர்ந்தாள்.

ரசாயனம் தெறித்துப் பார்வை போன அண்ணன் ஒருவர் தன் பையைத் திறந்து காட்டினார். எக்ஸ்ரே உறையின் மூலையில் ஒரு வெட்டு, சர்க்கரை ரிப்போர்ட்டில் இரண்டு ஸ்டேப்ளர் பின், கண் ஆஸ்பத்திரிச் சீட்டில் ரப்பர் பேண்ட். விரலால் தடவினாலே எது எது என்று தெரியும். "இதையே போன்ல பண்ணிக் குடுங்க. ரிப்போர்ட் படமா வந்தா என் போன் ஒண்ணும் பேசாது தம்பி. எழுத்தா வந்தா தமிழ்லயே படிக்கும்" என்றார். தமிழ் எழுத்தைக் குரலாக்கும் வேலையைச் சென்னை ஐ.ஐ.டி.யும் எஸ்.எஸ்.என். கல்லூரியும் எத்தனையோ வருஷமாகச் செய்து நல்ல நிலைக்குக் கொண்டுவந்திருக்கின்றன; அண்ணன் போனில் குரல் தயாராக இருக்கிறது. ஆய்வகம் படமாக அனுப்புவதை நிறுத்தினால் போதும்.

கம்பெனிக் கொட்டகைக்குக் கூரை போடும்போது விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட நண்பர் அதுவரை பேசாமல் இருந்தார். அவருக்கு முக்கியமானது ரத்தப்பிரிவு இல்லை. சிறுநீர்க்குழாய் கடைசியாக எப்போது மாற்றியது, இடுப்பில் படுக்கைப்புண் இருக்கிறதா, கடைசியாகக் காய்ச்சல் வந்தது எப்போது என்பவைதான் முதலில் தெரிய வேண்டும் என்றார். எழுதிக்கொண்டேன். உடனே வேண்டாம் என்று கையைக் காட்டினார். வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அவர் தெருப் பெண். நல்ல பெண், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பவள். ஆனால் குழாய் விவரம் அவள் கண்ணில் படுவதில் அவருக்குச் சம்மதம் இல்லை. "டாக்டர் பாக்கட்டும். எங்க தெரு பாக்க வேணாம்." ஆபாவில் சம்மதம் கேட்கும் திரை வருகிறது. அதில் இப்படிப் பிரித்துக் கொடுக்கும் வழி ஒரு சாதாரண மனிதனுக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதை, அவரைப் போன்ற ஒருவர் உட்காராத அறையில் யார் சொல்லப்போகிறார்கள்?

அன்றைக்கே தாளைத் திருத்தினோம். 'நோய்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'எனக்கு என்ன செய்ய முடியும், எதற்கு உதவி வேண்டும்' என்று ஒன்று வந்தது. அதில் என்னுடையது: 'வலது கையில் ஊசி குத்தலாம். ரேகை கேட்டால் இடது கையில் எடுங்கள். கையெழுத்து இடது கையில் போடுவேன், நேரம் ஆகும்.' தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் 'பேச வேண்டாம், குறுஞ்செய்தி மட்டும்' என்று டிக் அடிக்க ஒரு கட்டம் தங்கை சேர்த்தாள். எந்தப் பக்கம் மேலே என்று தடவிப் பார்த்தால் தெரிய, வலது மேல் மூலையை வெட்டிவிடச் சொன்னார் அண்ணன். முதுகுத்தண்டு நண்பர் சொன்னபடி அது இப்போது இரண்டு தாள். வெள்ளைத் தாள் எல்லோருக்கும். மஞ்சள் தாள் டாக்டருக்கு மட்டும், மடித்து ஒட்டியது. அடுத்த கூட்டத்துக்கு ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். பிரஸ்ஸில் கை போனவர்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் தாளின் கட்டங்களில் எழுத்தோடு படமும் வேண்டும். என்ன படம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.